ஆணித் துளையில் ஒரு நெல்

"இந்த ஓட்டைக்குள்ளே என்ன இருக்கிறது?"

கேட்டவர் ஒரு வெள்ளைக்கார அம்மா. ஐம்பது வயதிருக்கும். நரைத்த முடியை இறுக்கிப் பின்னிப் போட்டிருந்தார். கையில் மெல்லிய ரப்பர் உறை. எங்களுக்கு நடுவில் எவர்சில்வர் மேசை, அதன்மேல் என் பலகை. ஆஸ்திரேலியாவில், பெர்த் விமான நிலையத்தில் சாமான்களைச் சோதிக்கும் இடம் அது. பக்கத்து மேசையில் யாரோ ஒருவரின் ஊறுகாய் பாட்டிலுக்கு விசாரணை நடந்துகொண்டிருந்தது.

"மெழுகு" என்றேன்.

"மெழுகுக்குக் கீழே?"

ரயில்வேயில் கேங்மேனாகச் சேர்ந்து, கீமேனாகி, கேங்குக்குத் தலைவனான மேட்டாக ரிட்டயர் ஆனவன் நான். எத்தனையோ இன்ஸ்பெக்டர்களின் குறுக்குக் கேள்விக்கு வாய் கூசாமல் பதில் சொன்னவன். பெங்களூர் மர்பி டவுனில் சவரிமுத்து வாயை அடக்க இன்னும் ஆள் பிறக்கவில்லை என்று என் மனைவி லில்லியே சொல்லுவாள். அந்த அம்மா அடக்கிவிட்டார்.

மெழுகுக்குக் கீழே நெல் இருக்கிறது. ஒன்றின்மேல் ஒன்றாகப் பல நெல். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது என் மூத்த மகன் பென்னியின் நெல். பென்னி என்று ஒருத்தன் இந்த உலகத்தில் இருந்தான் என்பதற்கு என்னிடம் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அதை அந்த ஊருக்குள் விடுவார்களா, மாட்டார்களா என்பதுதான் அன்று எனக்கு இருந்த பிரச்சினை.

இதை முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

பலகை வந்த வழி

தண்டவாளம் பராமரிக்கிற கேங் வேலையைப் பற்றி இந்தத் தொடரில் ஏற்கெனவே நிறைய அளந்துவிட்டேன். இன்று கொஞ்சம் கட்டையைப் பற்றி.

தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே போடுவதை நாங்கள் ஸ்லீப்பர் கட்டை என்போம். இப்போது எல்லாம் கான்கிரீட். நான் வேலைக்குச் சேர்ந்தபோது யார்டு லைன்களில் மரக்கட்டைகள் நிறையக் கிடந்தன. பெங்களூரில் மீட்டர் கேஜைப் பிடுங்கி அகலப் பாதை போட்ட காலத்தில் அவை மலை மலையாகக் குவிந்தன. ஏலம் விட்டார்கள். ஏலம் எடுத்த டிம்பர் டிப்போக்காரர்கள் ஓல்ட் மெட்ராஸ் ரோட்டில் வைத்து விற்றார்கள். அப்படி ஒரு டிப்போவில் காசு கொடுத்துத்தான் நான் ஒரு கட்டையை வாங்கினேன். ரயில்வேக்காரன் வீட்டில் ஸ்லீப்பர் கட்டையைப் பார்த்தால் ஊர் ஒரு மாதிரி சிரிக்கும். அந்தச் சிரிப்புக்காகத்தான் இந்த விளக்கம்.

எங்கள் கேங்கில் பெரியசாமி என்று ஒரு பழைய மேட் இருந்தார். அந்தக் கட்டையை ஒரு கையால் தூக்கப் பார்த்தார். முடியவில்லை. கத்தியால் லேசாகச் சீவினார். உள்ளே மாட்டு ஈரல் மாதிரி கறுஞ்சிவப்பு.

"டேய், இது ஆஸ்திரேலியாக் கட்டைடா. வெள்ளைக்காரன் கப்பல்ல எறக்கினது. கரையான் மோந்து பாத்துட்டுப் போய்டும், வாய் வைக்காது" என்றார்.

பெரியசாமி சொல்வதில் பாதியை அப்போதே தள்ளிவிடுவது எங்கள் வழக்கம். மைசூர் மகாராஜாவுக்கு டிராலி தள்ளினேன் என்று சொல்கிற ஆள். ஆஸ்திரேலியாவையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தேன்.

அதிலிருந்து ஒரு குளியல் பலகை செய்தோம். குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர் கீழே உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டி, காலின்மேல் குழந்தையைப் போட்டுக் குளிப்பாட்டுவார் அல்லவா, அவர் உட்காருகிற பலகை. லில்லி அப்போது மாசமாக இருந்தாள். பலகை நன்றாக அமைந்தது. ஒரே குறை, தண்டவாளத்து ஆணி அடித்த ஒரு துளை அதில் விழுந்துவிட்டது. கட்டை விரல் நுழையும். அடியில் தார் வைத்து அடைத்தேன். மேலே பள்ளம் பள்ளமாகவே இருந்தது.

தெருவில் இருக்கும் பெண்களுக்கு அது போதாதா? "ஓட்டப் பலகையில ஒக்காந்து குளிப்பாட்னா புள்ளைக்கு ஆயுசு ஒழுகிப் பூடும்" என்று ஒருத்தி கிளப்பிவிட்டாள். லில்லிக்கு முகம் விழுந்துவிட்டது. புதுசு செய்து தருகிறேன் என்றேன். அவள் கேட்கவில்லை. மாதா திருநாளில் கோயிலில் மந்திரித்துக் கொடுக்கும் புது நெற்கதிர் வீட்டில் இருந்தது. குழந்தை பிறந்து முதல் குளியல் அன்று அதிலிருந்து ஒரு நெல்லை உருவித் துளைக்குள் போட்டாள். கோயில் மெழுகுத்திரியைக் கொளுத்தி, மேலே சொட்டுச் சொட்டாக விட்டு மூடினாள்.

"இப்ப எப்டி ஒழுகும், சொல்லு பாப்போம்" என்று என்னிடம் சவால் விட்டாள். கிளப்பிவிட்டவளை விட்டுவிட்டு என்னிடம்.

அந்தக் குழந்தைதான் பென்னி.

பென்னி

பெனடிக்ட் என்று ஞானஸ்நானம் கொடுத்தோம். பென்னி என்று கூப்பிட்டோம். கைக்குழந்தையாக இருக்கும்போதே ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டியதெல்லாம் செய்தார்கள். தவறிப்போனான்.

கைக்குழந்தையைப் படம் பிடித்தால் கண் படும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதனால் போட்டோ இல்லை. கல்லறைத் தோட்டத்தில் குழந்தைகளுக்கு என்று ஒரு மூலை. இடம் போதாமல் சில வருடங்களில் அங்கே வேறு குழிகள் வந்துவிட்டன. அவனுடைய துணிகளை லில்லி யார் யாருக்கோ கொடுத்தாள். பலகையை மட்டும் கொடுக்கவில்லை, எரிக்கவும் விடவில்லை.

"நெல்லு அவனுது. அது இருக்கட்டும்" என்றாள்.

அதற்குப் பிறகு அவன் பெயரைச் சொன்னால் அழுதுவிடுவாள். அதனால் நான் சொல்லுவதில்லை. அவள் சொன்னால் நான் அழுதுவிடுவேன் என்று பயந்து அவளும் சொல்லவில்லை போலிருக்கிறது. அப்புறம் ஷெரின் பிறந்தாள். தனக்கு முன்னால் ஒருவன் இருந்தான் என்பது அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான். "உனக்கு அண்ணன் தம்பி உண்டா?" என்று யார் கேட்டாலும் "நான் ஒரே பிள்ளை" என்றுதான் சொல்லி வளர்ந்தாள்.

ஷெரினுக்கும் ஒரு நெல், மேலே மெழுகு. பிறகு தெருவில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் பலகை அந்த வீட்டுக்குப் போகும். எங்கள் பக்கத்து வீட்டு திரேசாதான் தெருவுக்கே பிள்ளை குளிப்பாட்டுகிறவள். பலகை கைமாறும்போதெல்லாம் அவளே ஒரு நெல்லைப் போட்டு மெழுகு விடுவாள். மாதா கோயிலுக்குப் போகிற வீடு, அம்மன் கோவிலுக்குப் போகிற வீடு, மசூதிக்குப் போகிற வீடு என்று பார்த்ததில்லை. ஆயுசு ஒழுகக்கூடாது என்பதில் எல்லாரும் ஒரே மதம். துளை மெல்ல மெல்ல மேல் விளிம்பு வரை நிறைந்தது. நாளடைவில் அது மெழுகு என்பதுகூட மறந்துபோய், மரத்தில் ஒரு மச்சம் மாதிரி ஆகிவிட்டது.

ஷூவில் கோதுமை

ஷெரின் சிவில் படித்தாள். "போயும் போயும் தண்டவாள வேலைக்கா?" என்று லில்லி தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம், வெளியே காட்டிக்கொள்ளவில்லை. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் உட்கார்ந்து வெளிநாட்டு ரயில் பாதைகளுக்குப் படம் போட்டாள். கல்யாணம் ஆகி, பெர்த் பக்கம் பாதைப் பராமரிப்பில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். கோதுமை வயல்களிலிருந்து துறைமுகத்துக்குத் தானியம் ஏற்றிப் போகிற லைன். கட்டை, ஜல்லி, ஆணி எல்லாம் அவள் பார்வையில்.

லில்லி இறந்துபோன பிறகு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து வீடியோவில் பேசுவதுதான் எங்களுக்கு வாரத் திருநாள். அப்பாவும் மகளும் குடும்பக் கதை பேசமாட்டோம், ரயில் கதைதான்.

அந்த நாட்டில் ஒவ்வொரு மாகாணமும் தன் இஷ்டத்துக்கு ஒரு அகலத்தில் பாதை போட்டு வைத்திருந்ததாம். ஒன்று குறுகல், ஒன்று நடுத்தரம், ஒன்று அகலம். எல்லைக்கு வந்ததும் ஒரு ரயிலிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏற வேண்டும், சாமானையும் மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்க அவர்களுக்குத் தலைமுறைகள் பிடித்தனவாம்.

"பெரிய ஊருன்ற, இவ்ளோதானா மூளை?" என்றேன்.

"டாடி, நம்ப ஊர்ல மட்டும் என்ன? மைசூருக்கு மீட்டர் கேஜ், மெட்ராஸுக்கு பிராட் கேஜ், யெலஹங்காகிட்ட குட்டி ரயிலு. நீங்க மூட்டை மாத்தலியா?"

மாற்றியிருக்கிறோம். வாயை மூடிக்கொண்டேன்.

இன்னொரு நாள் ஒரு கடைவண்டியைப் பற்றிச் சொன்னாள். மரம் மட்டை இல்லாத பொட்டல் காட்டில், ஒரு வளைவுகூட இல்லாமல் நேர் கோடாக ஓடுகிற பாதை. அதைப் பராமரிக்கிற கேங்குகள் குடும்பத்தோடு அங்கேயே குடியிருந்தன. தண்ணீர்கூடக் கிடையாது. அவர்களுக்காக ஒரு ரயில் வரும். டீத்தூள், சர்க்கரை, காய்கறி, இறைச்சி எல்லாம் அதில். சம்பளமும் அதிலேயே. பெண்கள் பெட்டியில் ஏறிச் சாமான் வாங்கிக்கொண்டு இறங்குவார்களாம். கேங் வேலை செய்தவனுக்குத்தான் தெரியும், லைனில் நிற்பவனைத் தேடி ஒன்று வருவது எப்படிப்பட்ட விஷயம் என்று. எங்களைத் தேடி வந்ததெல்லாம் மெமோதான்.

கட்டைக் கதையும் அவள் சொல்லித்தான் உறுதியானது. பெர்த்துக்குத் தெற்கே ஜாரா என்று ஒரு மரம். காட்டிலேயே கூடாரம் போட்டுத் தங்கி, அகலக் கோடாலியால் கையாலேயே ஸ்லீப்பர் செதுக்கிய ஆட்கள் இருந்திருக்கிறார்கள். அந்தக் கட்டைகள் கப்பலேறிப் பல நாடுகளுக்குப் போயின, இந்தியாவுக்கும் வந்தன. நிறம் செம்மை, கனம் அதிகம், கரையான் தொடாது.

"பெரியசாமி அங்கிள் சொன்னது உண்மை டாடி!"

செத்துப்போன மனுஷனிடம் மன்னிப்புக் கேட்க முடியுமா? மனசுக்குள் ஒரு சல்யூட் வைத்தேன். ஆனால் மகாராஜா டிராலியை இன்றும் நம்பவில்லை.

ஒவ்வொரு தடவையும் பேசும்போது அவள் வேலை ஷூவைக் கழற்றித் தட்டுவாள். கோதுமை உதிரும். வேகன்களிலிருந்து சிந்துகிற தானியம் ஜல்லி முழுக்கக் கிடக்குமாம். "தினம் தட்டுறேன், தீரவே மாட்டேன்னுது" என்பாள்.

பூசணிக்காய்

ஷெரின் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததும் தெருவே என்னைப் பார்த்துச் சிரித்தது. பெண்ணின் பிரசவத்துக்கு அம்மா போவாள். இங்கே அம்மா இல்லை. மாப்பிள்ளை பிரவீனின் அம்மாவுக்கு முழங்கால் ஆப்பரேஷன், எழுந்து நடக்கவே மாதங்கள் ஆகும்.

"நான் போறேன்" என்றேன்.

"ஆம்பள போய் இன்னா பண்ணுவ? பச்சக் கொடி காட்டுவியா?" என்றாள் திரேசா.

அப்படிச் சொன்னவளே மறுநாள் காலையில் ஒரு மஞ்சள் பூசணிக்காயோடு வந்து நின்றாள். என்னைப் பின்கட்டில் பலகைமேல் உட்காரவைத்து, காலை நீட்டச் சொல்லி, பூசணிக்காயைக் காலில் கிடத்தினாள்.

"கழுத்த புடி. அய்யோ, அது கழுத்துண்ணா, ஆணி இல்ல! ஒரு கை தலைக்கு அடியில. தண்ணிய மூஞ்சில ஊத்தாத. புறங்கையில சூடு பாரு. ம்... இப்ப திருப்பு."

பூசணிக்காய் வழுக்கி உருண்டு தொட்டி ஓரமாகப் போய் நின்றது.

"போச்சு! ஒரு புள்ள போச்சு!" என்று திரேசா கத்தினாள். கத்திய வேகத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள். பென்னியைக் குளிப்பாட்டியவள் அவள். பிறகு அவளே எழுந்து போய்ப் பூசணிக்காயை எடுத்து வந்து, "திரும்பப் பண்ணு" என்றாள்.

ஒரு வாரத்தில் எனக்குக் கை வந்துவிட்டது. அந்தப் பூசணிக்காய் மாதிரி சுத்தமான பூசணிக்காய் பெங்களூரிலேயே கிடையாது. கடைசி நாள் அதைச் சாம்பாரில் போட்டோம். என்னால் சாப்பிட முடியவில்லை.

பலகையைக் கொண்டு வருகிறேன் என்றதும் ஷெரின் பதறினாள்.

"டாடி பேடா, வேணாம், ப்ளீஸ்! இங்க மரச் சாமான்னா ரொம்ப ஸ்ட்ரிக்ட். பூச்சி கீச்சி இருக்கும்னு எரிச்சிடுவாங்க. இங்க ஒரு டப் வாங்கிட்டேன்."

"டப்புல போட்டு அலச அது என்ன துணியா? உங்கம்மா பலகைம்மா அது. நான் கொண்டாருவேன்."

ஏன் என்று சொல்லவில்லை. எனக்கு எழுபது நெருங்குகிறது. நான் போனால் வீட்டைக் காலி செய்ய வருகிறவர்கள் பலகையை வெந்நீர் அடுப்புக்குப் போட்டுவிடுவார்கள். பென்னியின் நெல் ஷெரின் கையில் சேர்ந்துவிட வேண்டும், அதற்கு இதைவிட்டால் வேறு சமயம் இல்லை. இதைப் போனில் எப்படிச் சொல்வது? முப்பது வருடம் சொல்லாததை வீடியோவில் சொல்ல வாய் வரவில்லை.

பலகையைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, பூச்சித் துளை ஒன்றுகூட இல்லை என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, சேலையில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். விமானத்தில் கொடுத்த சீட்டில் மரப்பொருள் இருக்கிறதா என்ற இடத்தில் ஆமாம் என்று போட்டேன். விதை, தானியம் இருக்கிறதா? இல்லை என்று போட்டேன். கவலையெல்லாம் மரத்தைப் பற்றி. நெல் என்பது விதை என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. எனக்கு அது பிள்ளை.

சிவப்புக் கொடி

மேசைக்குத் திரும்பலாம்.

அந்த அம்மா ஒரு மெல்லிய கொக்கியால் மெழுகின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி நெம்பினார். அவசரப்படவில்லை. முழுசாக வெளியே வந்தது. விரல் நீளத்துக்கு ஒரு துண்டு மெழுகுத்திரி மாதிரி. உள்ளே வரிசையாக நெல் தெரிந்தது. மேலே வெளுப்பு, கீழே போகப் போகப் பழுப்பு. அடிமுனையில் தார் ஒட்டியிருந்தது. அதற்குள் ஒரு நெல் லேசாகத் தெரிந்தது. முதலில் போட்டதுதானே அடியில் இருக்கும்.

"இது என்ன?" என்றார்.

"நெல். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒன்று" என்றேன். என் ரயில்வே இங்கிலீஷில் முழுக் கதையையும் சொன்னேன். ஓட்டை, ஆயுசு, மெழுகு, தெரு, திரேசா எல்லாம். அடிமுனையைக் காட்டி, "இது என் மூத்த மகன். உயிரோடு இல்லை" என்றேன்.

அவர் கொக்கியைக் கீழே வைத்தார்.

"மரத்தில் ஒரு குறையும் இல்லை, எடுத்துப் போகலாம். உமியோடு இருக்கும் நெல்லை மட்டும் விட முடியாது. அது முளைக்கக்கூடும். நோய் கொண்டுவரக்கூடும். இங்கே பயிரை நம்பித்தான் எத்தனையோ ஊர்கள் இருக்கின்றன. மன்னியுங்கள்" என்றார்.

'அம்மா, இந்த ஒண்ணு மட்டும்' என்று கெஞ்ச வாயைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் எனக்கு அந்தப் பனிக்காலத்து விடியல் ஞாபகம் வந்தது.

நான் கீமேனாக இருந்த காலம். கீமேன் என்றால் விடிந்ததும் சுத்தியல், ஸ்பானரோடு தன் பகுதிப் பாதை முழுக்க நடந்து பார்க்கிறவன். ஒயிட்ஃபீல்டு தாண்டி ஒரு இடத்தில் தண்டவாளம் குளிரில் வெடித்துப் பிளந்திருந்தது. ஓடிப்போய் ஜோலார்பேட்டை பக்கம் போகும் வண்டியைச் சிவப்புக் கொடி காட்டி நிறுத்தினேன். ஆட்கள் வந்து சரி செய்ய நேரமாகும். பெட்டியிலிருந்து ஒருவர் இறங்கி ஓடி வந்தார். அம்மா ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சில் இருக்கிறாராம். வண்டியை மெதுவாகவாவது விடச் சொன்னார். கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு என் வம்சத்தையே திட்டினார். நான் கொடியை இறக்கவில்லை. எனக்கு அவர்மேல் இரக்கம் இல்லாமலா? கொடிக்குப் பின்னால் வண்டி நிறைய ஜனம். அவர் அம்மாவைப் பார்த்தாரா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மேசைக்கு எதிரே நின்ற அந்த வெள்ளைக்கார அம்மாவின் கையில் இருப்பதும் சிவப்புக் கொடிதான். அதைப் பிடித்து நின்ற எனக்கே அது தெரியவில்லை என்றால் நான் பார்த்ததெல்லாம் என்ன வேலை?

திறந்த வாயை மூடிக்கொண்டேன். "ஒரு நிமிஷம் கையில் வைத்துக்கொள்ளலாமா?" என்று மட்டும் கேட்டேன்.

கொடுத்தார். மூக்கருகில் கொண்டுபோனேன். கோயில் மெழுகும் தேங்காயெண்ணெயும் கலந்த வாசனை. பென்னி, மன்னிச்சுக்கடா என்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன் போலிருக்கிறது, ஊறுகாய்க்காரர் திரும்பிப் பார்த்தார். நானே அதை அவர் நீட்டிய பைக்குள் போட்டேன். அழுதேன். ரிட்டயர் ஆன மேட் ஒருவன் அந்நிய ஊரில் நின்று அழுதான் என்று எழுத எனக்கு வெட்கம் இல்லை.

அவர் துளையைத் துடைத்துச் சுத்தம் செய்தார். பலகையின் விளிம்பைத் தடவிப் பார்த்து, "ஜாரா மரம் இது. எங்கள் ஊர் மரம். எங்கே கிடைத்தது?" என்றார்.

"பெங்களூரில், ரயிலுக்கு அடியில்" என்றேன்.

முதலில் யாருக்கு?

வெளியே ஷெரின் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றாள். "ஏன் டாடி இவ்ளோ நேரம்? பலகைய எரிச்சிட்டாங்களா?"

"இல்ல. விட்டுட்டாங்க" என்றேன். பிள்ளைத்தாய்ச்சியிடம் மீதியை எப்படிச் சொல்வது?

வீட்டில் சேலையைப் பிரித்ததும் அவளே கண்டுபிடித்தாள். துளைக்குள் விரலை விட்டாள். "மெழுகு எங்க? அம்மா வெச்ச மெழுகு எங்க டாடி?"

அன்றைக்குத்தான் சொன்னேன். காய்ச்சல், கல்லறை, துணிகள், நெல், பை எல்லாம். அவள் அழவில்லை. விரலைத் துளையிலிருந்து எடுக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள். "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று ஒரு வார்த்தைதான் கேட்டாள். எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள். அவளுக்குக் கோபம் போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

பெண் குழந்தை பிறந்தது. வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நான் குட்டி என்றுதான் கூப்பிடுகிறேன்.

தொப்புள் கொடி விழுந்து, முதல் முழுக் குளியல். வெந்நீர் விளாவி, துண்டு எடுத்து வைத்து, காலை நீட்டித் தயாராக உட்காரப் போனேன்.

"டாடி, இருங்க. உக்காராதீங்க."

ஷெரின் பின்வாசலுக்குப் போனாள். லீவு போட்ட நாளிலிருந்து அங்கேயே கிடக்கும் வேலை ஷூவை எடுத்துக் கவிழ்த்துத் தட்டினாள். கோதுமை உதிர்ந்தது. உள்ளங்கையில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு வந்து பலகை பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தாள். பிரவீன் மெழுகுத்திரியைக் கொளுத்திக் கொடுத்தான். எல்லாம் முன்னாலேயே பேசி வைத்திருக்கிறார்கள்.

ஒரு கோதுமையை எடுத்தாள். துளைக்கு மேலே வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"மொதல்ல பென்னி அண்ணனுக்கு. அவன்தானே அடியில இருக்கணும்?"

அண்ணன் என்று அவள் வாயால் நான் கேட்டது அன்றுதான். தலையை ஆட்டினேன். கோதுமையைப் போட்டு மெழுகு விட்டாள். ஆறும்வரை ஊதினாள். அடுத்தது தனக்கு. அதற்குமேல் குட்டிக்கு.

பிறகு நான் உட்கார்ந்து காலை நீட்டினேன். குட்டி பூசணிக்காய் மாதிரி வழுக்கவில்லை. தொண்டை கிழியக் கத்தினாள். அந்தக் கத்தல் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

சில மாதம் இருந்துவிட்டு மர்பி டவுனுக்கு வந்து சேர்ந்தேன். வந்த அன்றே திரேசா காபியோடு வந்தாள். தெருக்கோடியில் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறதாம். என் பெட்டியை எட்டிப் பார்த்தாள்.

"பலக எங்கண்ணா? அங்கயே வுட்டுட்டு வந்துட்டியா?"

"ஆமா."

"பென்னி?"

இத்தனை வருடத்தில் அவளும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

"தங்கச்சி வீட்ல இருக்கான்" என்றேன்.